குளிரூட்டி திருத்தும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

(தோட்ட மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற தொழில் வழிகாட்டல் கூட்டத்தில், தோட்டத்தில் பிறந்து கொழும்பில் குளிரூட்டி திருத்தும் தொழில் செய்யும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவருடைய பேச்சு நடையை இயன்றளவு மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



நேற்று அந்திக்கு பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வரும்போது, பழைய லயத்து மாமா ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு, "என்ன மருமகனே, சாமான் எல்லாம் தூக்கிக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். "ஏசியைப் பத்தி பேச வந்திருக்கேன் மாமா" என்றேன். அவர் போர்த்தியிருந்த கம்பளியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "இங்கயா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆண்டவன் இந்த மலைக்கே ஏசி போட்டு வைத்திருக்கிறான். நம்ம யார் வீட்டிலும் அந்த மெஷின் இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கொழும்பில் ஏசி வேலைக்குப் போயிருக்கிறார்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். பாருங்க, இந்தச் சின்ன மண்டபத்திலேயே இத்தனை கை. முன்பெல்லாம் சாப்பாட்டுக் கடை, புடவைக் கடை என்றுதான் போவார்கள். இப்போது ஏசி வேலைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல தொழில்தான். முப்பது வருடத்துக்கு மேலாக அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் தெரியாமல் போனால் ஆளை விழுங்கும் தொழில். அதனால்தான் பெற்றோரையும் கூப்பிடச் சொன்னேன்.

நான் 1992ஆம் ஆண்டு, பதினேழு வயதில் போனேன். சாதாரண தரத்தில் கணக்கு பெயில். ஒரு கடையில் கோலயாவாகச் சேர்த்துவிட்டார்கள். பாஸுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு சிங்களத்தில் அதுதான் பெயர். முதல் நாள் "ஒரு டன் மெஷின் இறக்கணும் வா" என்றார்கள். ஒரு டன்னை இரண்டு பேர் எப்படித் தூக்குவது என்று எனக்குப் பயம். அது நிறை இல்லை. ஒரு டன் ஐஸை 24 மணித்தியாலத்தில் உருக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளும் பலம் என்று பிறகுதான் தெரிந்தது. 12,000 பிடியு என்று மெஷினில் எழுதியிருப்பதும் அதுதான்.

மூன்றாம் நாள், ஜன்னலில் பூட்டும் பழைய மாதிரி மெஷின் ஒன்று. பிளக்கைக் கழற்றி நானே கையில் பிடித்துப் பார்த்தேன். கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் உள்ளே கையை வைத்தேன். அடுத்த நிமிடம் சுவரோடு சாய்ந்து கிடக்கிறேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். பாஸ் சிரித்துக்கொண்டே, "இனி மறக்க மாட்ட" என்றார். உண்மைதான், மறக்கவில்லை. ஆனால் அப்படிப் படிப்பித்தால், படிக்காமலே போய்ச் சேர்ந்துவிடுகிற பிள்ளையும் உண்டு.

என்னைத் தூக்கி எறிந்தது கெப்பாசிட்டர் என்று ஒரு சாமான். டின் மாதிரி இருக்கும். கொம்பிரசர் மோட்டர் ஓடுவதற்கு உதவுவது. அது கரண்டைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது இருக்கும். பைப்பை மூடினாலும் பீலித் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதில்லையா, அந்த மாதிரி. இப்போது வரும் இன்வேர்டர் மெஷின்களில் இது இன்னும் மோசம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அந்த போர்ட்டுக்குள் அது 300 வோல்டுக்கு மேல் நேர் மின்னோட்டமாக நிற்கிறது. நிறுத்தி சில நிமிடம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும், திறந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடக் கூடாது. ஸ்குரூ டிரைவரை இரண்டு முனையிலும் வைத்து "டப்" என்று பொறி பறக்க விடுவார்கள், பெரிய வீரம் மாதிரி. அது வேண்டாம். ரெசிஸ்டர் ஒன்றை வயரில் பிடித்து மெதுவாக வடிய விடுங்கள். அந்த ரெசிஸ்டரின் விலை ஒரு பிளேன்டீ காசுகூட வராது.

இனி மெஷின் எப்படிக் குளிர வைக்கிறது என்று சொல்கிறேன். அம்மாமாரும் கேளுங்க, இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

டிஸ்பென்சரியில் ஊசி போட முன் ஸ்பிரிட் தடவுவார்கள். தடவிய இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் குளிரான சாமானா? இல்லை. போத்தலில் அது அறைச் சூட்டில்தான் இருக்கிறது. ஆவியாகும்போது நம் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது, இங்கே பருப்பு வேக ஏன் நேரம் போகிறது? கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஏனென்றால் மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டில் கொதிக்கும், கூட்டினால் கூடின சூட்டில் கொதிக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஏசி. செப்புக் குழாய்க்குள் ஒரு காஸ் இருக்கிறது. பழைய மெஷின்களில் ஆர் 22. அதைத் திறந்த வெளியில் விட்டால் பூச்சியத்துக்குக் கீழே 41 பாகையிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் கொயிலில் அழுத்தத்தைக் குறைத்து அதைக் கொதிக்க விடுகிறோம், அறையின் சூட்டை அது எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் கொம்பிரசர் அதை நசுக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெளிக் கொயிலில் விசிறிக் காற்று பட்டதும், எடுத்து வந்த சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. திரும்ப உள்ளே போகிறது. இதே சுற்றுத்தான், ராத்திரி பகலாக.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த காஸ் எங்கேயும் செலவாகவில்லை. லொறிக்கு டீசல் மாதிரி எரிந்து தீரும் சாமான் இல்லை. கடையிலிருந்து வந்த நாளில் எவ்வளவு இருந்ததோ, பத்து வருடம் கழித்தும் அவ்வளவும் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பது, கிழிந்த கூடையில் கொழுந்து போடுகிற வேலை.

ஆனால் கொழும்பில் வீட்டுக்காரர் போன் பண்ணி "அறை குளிரவில்லை" என்றதும் என்ன நடக்கிறது? வேன் போகிறது, கேஜைக் கொளுவுகிறார்கள், "காஸ் குறைவு நோனா" என்கிறார்கள். ஏனென்றால் கழுவிவிட்டால் வருகிற காசு கொஞ்சம், காஸ் அடித்தால் வருகிறது பல மடங்கு. பக்கத்தில் நிற்கிற நம் பிள்ளை, முதல் வாரத்திலேயே பொய்யைத்தான் படிக்கிறான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா. ஒரே வருடத்தில் மூன்று தரம் காஸ் அடித்திருக்கிறார்கள், அறை குளிரவே இல்லை. கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள், அதுவும் "காஸ் அடிச்சிட்டு வா" என்றே சொல்லி. முன் மூடியைத் திறந்தேன். பில்டர் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று. அவ்வளவு தூசி. வெளி மெஷினின் கொயிலில் கடல் உப்பும் அழுக்கும் அடைத்து வெளிச்சமே தெரியவில்லை. காஸ் குறைவாக இல்லை, மூன்று தரம் அடித்ததில் அளவுக்கு மிஞ்சி இருந்தது! கூடுதலாக இருந்தாலும் குளிராது, கரண்டும் கூட இழுக்கும், கடைசியில் கொம்பிரசரையே கொன்றுவிடும். எல்லாவற்றையும் கழுவி, காஸை சிலிண்டருக்குள் வாங்கி, மெஷினில் எழுதியிருக்கும் நிறைக்கு அளந்து போட்டேன். சர்வீஸ் காசு மட்டும் எழுதினேன். கடைக்குத் திரும்பினதும் முதலாளி கத்தின கத்தலில் அந்த மாதமே நான் வேலையை விட்டேன். அந்த ஆசிரியை அம்மா சாகும்வரை வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவருடைய பிள்ளைகள் இன்றைக்கும் எனக்குத்தான் போன் பண்ணுகிறார்கள்.

தம்பிமாரே, அதனால் வேலையின் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் அழுக்கு. பிறகு கண்ணால் பார்க்க வேண்டியது. பிறகு மீட்டர். காஸ் கடைசி.

அழுக்கு என்றால் முதலில் பில்டர். நம்ம ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து விசிறி காற்றுத் தள்ளும். கொழுந்தைத் தடிப்பாகக் கொட்டிவிட்டால் காற்று ஏறாது, வாட்டம் பிடிக்காது, டீமேக்கர் ஏசுவார். பில்டரும் அப்படித்தான். காற்றுப் போகவில்லை என்றால் எந்த மெஷினும் குளிராது. கொழும்பு மாதிரி தூசியுள்ள இடத்தில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தரம் சாதாரண தண்ணீரில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். வீட்டுக்காரரே செய்யலாம். செய்யச் சொல்லிக் கொடுங்கள், பயப்பட வேண்டாம், அதனால் உங்கள் தொழில் போகாது.

பில்டர் அடைத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். உள்ளே கொயிலில் ஐஸ் கட்டும். வீட்டுக்காரர், "ஐஸே கட்டுது, நல்லாக் குளிருது போல, ஆனா அறை குளிரலையே" என்பார். காற்று வராததால் கொயில் பூச்சியத்துக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் அதில் உறைகிறது. காஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். இரண்டில் எது என்று பில்டரைக் கழுவினால்தான் தெரியும். கத்தியால் ஐஸைக் குத்த வேண்டாம், குழாய் ஓட்டையாகிவிடும். கொம்பிரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விட்டால் தானாக உருகும்.

அறைக்குள் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டால், பத்துக்கு எட்டுத் தரம் தண்ணீர் போகும் குழாய்தான் அடைத்திருக்கும். கொழும்புக் காற்றில் அவ்வளவு ஈரம். ஒரு டன் மெஷின் மணிக்கு ஒரு லீட்டர் வரை தண்ணீர் எடுக்கும். அந்தக் குழாயில் பாசி மாதிரி வழுவழுப்பு பிடித்துவிடும். ஊதி, கழுவி விட்டால் சரி.

வெளிக் கொயிலைக் கழுவும்போது அவசரக்காரர்கள் வாகனம் கழுவும் பம்பால் அடித்து, அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளை எல்லாம் மடக்கிவிடுவார்கள். மடங்கினால் காற்றுப் போகாது, அடைத்ததும் மடங்கினதும் ஒன்றுதான். மெதுவான தண்ணீர், உள்ளிருந்து வெளிப்பக்கமாக. எலெக்ட்ரிக் பக்கத்தைப் பொலித்தீனால் மூடிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும்.

பிறகு கண்ணால் பாருங்கள். வெளி விசிறி சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் கொம்பிரசர் சூடேறி தானாக நின்று நின்று ஓடும். கொம்பிரசர் "ம்ம்" என்று முனகிவிட்டு நின்றால் அனேகமாகக் கெப்பாசிட்டர். தலை ஊதியிருக்கும், சில நேரம் எண்ணெய் கசிந்திருக்கும். வயர் முனை கருகியிருக்கிறதா, குழாய் பூட்டும் நட்டில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். காஸோடு சேர்ந்து எண்ணெயும் ஓடுகிறபடியால், ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய் பிசுபிசுக்கும். சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி வரும். எத்தனையோ ஓட்டையை நான் சவர்க்காரத் துண்டால்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அதன் பிறகு மீட்டர். சாதாரண ஒரு டன் மெஷின் ஏறத்தாழ 5 அம்பியர் எடுக்கும். மெஷினின் தகட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதெல்லாம் முடிந்து, ஓட்டை இருப்பது நிச்சயமாகி, அதை அடைத்தும் ஆன பிறகுதான் காஸ்.

இந்த இடத்தில்தான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

ஓட்டையை அடைத்தபின் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றிப் பார்ப்போம். அதற்கு நைதரசன் சிலிண்டர் வேண்டும். சில இடங்களில் நைதரசன் தீர்ந்துவிட்டால், ஒட்டு வேலைக்கு வைத்திருக்கும் ஒட்சிசன் சிலிண்டரைக் கொளுவச் சொல்லுவார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் அழுத்தத்தில் ஒட்சிசனும் சேர்ந்தால் குண்டு மாதிரி வெடிக்கும். "முதலாளி ஏசுவார்" என்று செய்துவிடாதீர்கள். ஏசட்டும்.

அடுத்தது, காஸ் எல்லாம் ஒன்று இல்லை. ஆர் 22 ஓசோன் படையைக் கெடுப்பது. 1987இல் மொன்ட்ரியலில் செய்த உடன்படிக்கைப்படி இது படிப்படியாக நிறுத்தப்படுகிறது. நம்ம நாடு அதில் 1989இல் சேர்ந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் 2030ஓடு அநேகமாக முடிந்துவிடும், பழைய மெஷின் திருத்த மட்டும் கொஞ்சம் விடுவார்கள். பின்னால் வந்த ஆர் 410ஏ, பழையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தமாக ஓடும். பழைய கேஜை அதற்குப் போடக் கூடாது. இப்போது கடைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆர் 32. அது தீப்பிடிக்கும் சாதி. சமையல் காஸ் அளவுக்கு இல்லைதான், ஆனால் மூடின அறைக்குள் கசிந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். சிகரெட் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழாயில் காஸ் இருக்கும்போது டோர்ச்சைப் பற்ற வைக்காதீர்கள். பழைய காஸாக இருந்தாலும் நெருப்புப் பட்டால் நஞ்சுப் புகை வரும், நெஞ்சைப் பிடிக்கும்.

கடைசியாக உயரம். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளி மெஷின் மாடிச் சுவரில் இரும்புத் தாங்கியில் தொங்கும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் அந்த இரும்பு உளுத்துப்போயிருக்கும். பெயின்ட் அடித்திருப்பதால் பார்வைக்குத் தெரியாது. வேறொரு தோட்டத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது, என்னோடு வேலை செய்தவன். மூன்றாம் மாடியில் அந்தத் தாங்கி மேல் காலை வைத்தான். இடுப்பில் பெல்ட் இல்லை. பெல்ட் வேனில் இருந்தது. எடுத்துக்கொண்டு வர நேரமாகும் என்று அப்படியே இறங்கினான்.

அவன் அம்மா வந்தார்கள். கடைக்காரர் வீட்டுச் செலவுக்கு என்று கொஞ்சம் காசு கொடுத்தார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே வேலை செய்தான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. தோட்டத்தில் அரைநாள் வேலை செய்தாலும் செக்ரோலில் அரைப்பேர் விழும். அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில் இரண்டு வருடம் எந்தப் புத்தகத்திலும் பேர் விழவில்லை.

ஆகவே பெற்றோர்களே, யாராவது "பிள்ளையை அனுப்புங்க, நல்ல சம்பளம்" என்று வந்தால், சம்பளத்தை அப்புறம் கேளுங்க. முதலில் நியமனக் கடிதம் தருவாரா என்று கேளுங்க. சேமலாப நிதிக்கு பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். இது உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை, தோட்டத்திலும் இதுதான். பெல்ட் இருக்கிறதா, யாருடைய வீட்டில் தங்குவான் என்றும் கேளுங்க. பதினெட்டு முடியாத பிள்ளையை ஆபத்தான வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். நான் பதினேழில் போனதைப் பார்த்து நீங்கள் அனுப்பிவிடாதீர்கள்.

(இந்த இடத்தில் ஒரு தாயார் எழுந்து, "படிச்சிட்டுப் போகணும்னா காசு வேணுமே தம்பி, எங்க போறது?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி அக்கா. தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது, நைட்டா என்று சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. இவை அரசாங்கத்துடையவை. குளிரூட்டல், வளிச்சீராக்கல் பாடநெறி எந்த நிலையத்தில் நடக்கிறது, தமிழில் நடக்கிறதா, கட்டணம் உண்டா என்று சேர முன் கேளுங்கள். சில இடங்களில் சிங்களத்தில் மட்டும் நடத்துவார்கள், பிள்ளை பாதியில் ஓடி வந்துவிடுவான். முடித்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், என்விகியூ என்பது கிடைக்கும். ஏற்கெனவே கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளும் அதை எடுக்கலாம். செய்து பழகின வேலையைச் செய்து காட்டினால், அனுபவத்தைப் பரீட்சித்துக் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், நாற்பது வயதில். கணக்கில் பெயிலான எனக்கு ஒரு பத்திரத்தில் பெயர் அச்சடித்து வந்ததைப் பார்த்து அம்மா அழுதார்கள். வெளிநாடு போவதென்றாலும் அந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

(பின்வரிசை இளைஞர் ஒருவர், "பாஸ் ஒக்சிஜன் கொளுவச் சொன்னா நாங்க எப்படி மாட்டேன்னு சொல்றது? வேலை போயிடுமே?" என்று கேட்டார்.)

போகலாம் தம்பி. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இரண்டு தரம் போனது. இரண்டு தரமும் வீட்டுக்குக் காசு அனுப்பாமல் இருந்த மாதங்கள் உண்டு, அம்மா சீட்டுக் காசு கட்ட முடியாமல் தவித்தார்கள். ஆனால் வேலை தெரிந்தவனை கொழும்பில் ஒரு மாதத்துக்குமேல் யாரும் சும்மா இருக்க விடமாட்டார்கள். வேலை தெரியாதவன்தான் "சரி பாஸ்" என்று எதையும் செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தால் எனக்குப் போன் எடுங்க, நம்பரை போர்ட்டில் எழுதி வைக்கிறேன்.

பேசினது போதும். இந்த மேசையில் இருப்பது நான் கொண்டுவந்த பழைய மெஷினின் உள்பக்கம். வெளிப் பெட்டி ஸ்டோர் ஐயா தந்த கைவண்டியில் வாசலில் நிற்கிறது. தம்பிமார் நாலு நாலு பேராக வாங்க. முதல் ஆள் பில்டரைக் கழற்றட்டும். தங்கச்சிமாரும் வாங்க, ஏன் பின்னால நிக்கிறீங்க? கெப்பாசிட்டரை மட்டும் நான் சொல்லும்வரை யாரும் தொடாதீங்க.